மூச்சு மெஷினுக்கு ஒரு பேட்டரி

வேனுக்குள் ஆள் யாரும் இல்லை, எதுவும் ஓடவும் இல்லை. ஆனாலும் பேட்டரிப் பெட்டியின் சின்னத் திரையில், மதியம் நூறு சதவீதம் என்று இருந்த இடத்தில் இப்போது தொண்ணூற்று மூன்று என்று இருந்தது.

அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடியும் பார்த்தாள். தூக்கம் கெட்ட கண், ஒன்றை இரண்டாகக் காட்டக்கூடிய கண், அதை நம்புவதற்கில்லை. ஆனால் திரை மாறவில்லை. இடது பக்கம் சோலார் தகட்டிலிருந்து உள்ளே வரும் வாட்ஸ், வலது பக்கம் பெட்டியிலிருந்து வெளியே போகும் வாட்ஸ். வானம் மூடிக் கிடந்ததால் இடது பக்கம் பேருக்கு நாலைந்து காட்டிக்கொண்டிருந்தது. வலது பக்கம் பூஜ்யம். அப்படியென்றால் குறைந்த ஏழு எங்கே போயிற்று என்று கேட்டால் அந்தப் பெட்டியா பதில் சொல்லும்?

கொழுந்தனுக்கு போன் போட்டாள். வேன் அவனுடையது. பின் சீட்டுகளைக் கழற்றி மெத்தை போட்டு, ஜன்னலுக்குத் திரை தைத்து, அதை ஒரு படுக்கையறையாகவே மாற்றி வைத்திருந்தான்.

"என்ன அண்ணி, ஃப்ரிட்ஜ் ஏதாவது மாட்டிட்டீங்களா?"

"ஒண்ணும் மாட்டல. அண்ணனோட மூச்சு மெஷினை மட்டும் செருகி வச்சேன். ஆன் பண்ணவே இல்ல."

"அது தானாவே ஆன் ஆகும் அண்ணி. மூக்குல மாட்டி மூச்சு விட்டாலே ஓட ஆரம்பிச்சிடும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"மூச்சு விட இங்க யாருடா இருக்கா?"

"காத்தா இருக்கும். ஜன்னலைச் சாத்திடுங்க. ரெண்டு ராத்திரிக்குத் தாங்கும்ல? நான் லீவு போட்டுட்டேன்."

தாங்கும் என்றாள். தாங்க வேண்டும். அந்த இரண்டு ராத்திரியும் அவளுக்கு வேண்டும்.

அவள் கணவர் பஸ் ஓட்டியவர். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் நோய் அவருக்கு. ராத்திரி சரியாகத் தூங்காதவர் பகலில் ஸ்டியரிங்கில் கண்ணயர்ந்துவிட, டிப்போவில் உட்கார்த்தி வைத்துவிட்டார்கள். அவருடைய குறட்டை பக்கத்து வீட்டுக்காரர்கள் ஜாடையாகப் பேசுகிற அளவுக்குப் பேர் வாங்கியது. குறட்டையை அவள் பொறுத்துக்கொண்டாள். அது நிற்கும் இடத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. இழுத்த மூச்சு தொண்டையில் எங்கோ மாட்டிக்கொண்டு அறை முழுக்க அமைதியாகிவிடும். அவள் இருட்டில் விழித்துக்கொண்டு, தன் மூச்சையும் பிடித்துக்கொண்டு, அடுத்தது வருமா வராதா என்று காத்திருப்பாள். நெரித்த கழுத்தை விட்டுவிட்டதுபோல ஒரு சத்தத்தோடு அது வரும். அப்புறம்தான் அவள் மூச்சு விடுவாள். கல்யாணமான நாளிலிருந்து பாதி வாழ்க்கை இப்படித்தான் போயிற்று. பகலெல்லாம் தொலைபேசிப் புகார்ப் பிரிவில் ஊரார் கத்துவதைக் கேட்பாள். ராத்திரியில் கட்டியவர் கத்தாமல் இருப்பதைக் கேட்பாள்.

மெஷின் வந்த பிறகும் அந்தக் காது தூங்கப் பழகவில்லை. முகமூடி நழுவினால் எழுந்து சரிசெய்வாள். தும்பிக்கை மாதிரி நீண்ட அந்தக் குழாய் முறுக்கிக்கொண்டால் நீவி விடுவாள். மெஷினோடு மின்சாரம் இல்லாத இடத்துக்குப் போக முடியாதென்று அவர் வெளியூர் ஆசையையே விட்டிருந்தார். அண்ணனும் தம்பியும் ஏரிக்கரையில் இரண்டு ராத்திரி தங்கிவிட்டு வரட்டுமே என்ற யோசனையை முதலில் சொன்னது அவள்தான். தனக்கு டியூட்டி இருக்கிறது என்று ஒரு பொய்யும் சொல்லி வைத்தாள். டியூட்டியாவது ஒன்றாவது. கதவைச் சாத்திக்கொண்டு, யாருடைய மூச்சையும் கேட்காமல், இரண்டு ராத்திரி கட்டை மாதிரி தூங்க வேண்டும், அவ்வளவுதான்.

அதனால்தான் இத்தனை மெனக்கெட்டாள். காற்றை ஈரமாக்கும் சூட்டுத் தட்டை நிறுத்திவிட்டால் மெஷின் தின்பது பாதியாகக் குறையும் என்று கண்டுபிடித்தாள். இன்வெர்ட்டர் வழியாகப் போனால் சும்மாவே கொஞ்சம் வீணாகும் என்று, பெட்டியிலிருந்து நேராகச் செருகும் ஒயர் வாங்கினாள். வேன் மர நிழலில் நிற்க வேண்டும், தகடு வெயிலில் கிடக்க வேண்டும் என்பதற்காக மடித்து விரிக்கிற தகடும் நீளமான ஒயருமாகத் தேடிப் பிடித்தாள். இன்றைக்குச் சோதனை. மதியமே மெஷினைக் கொண்டுவந்து மாட்டி, முகமூடியை வேனுக்குள் தலையணைமேல் வைத்துவிட்டாள்.

"மெஷின் இல்லாம தூங்கிடாதீங்க," என்று அவரிடம் சொல்லியிருந்தாள்.

"நான் ஏன் தூங்கப்போறேன்? டிவி பாக்குறேன், போ."

இப்போது வேன் ஜன்னல்களைச் சாத்திவிட்டு அவள் வீட்டுக்குள் போனாள். டிவி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அவர் சோபாவில் மல்லாந்து படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.

குறட்டை இல்லை. இழுப்பு இல்லை. வாய் மூடியிருந்தது. அவர் இப்படித் தூங்கி அவள் பார்த்ததே இல்லை. எழுப்பத்தான் வேண்டும், டாக்டர் அத்தனை தடவை சொல்லியிருக்கிறார். கை தோள்வரை போய்விட்டது. ஆனால் வீடு அவ்வளவு அமைதியாக இருந்தது. துவைத்த துணியின் சோப்பு வாசனை, சுவர்க் கடிகாரத்தின் சத்தம், தெருவில் எங்கோ ஒரு சைக்கிள் மணி. எத்தனை வருஷமாயிற்று இதையெல்லாம் கேட்டு! ஐந்து நிமிஷம் போகட்டும் என்று எதிர் நாற்காலியில் சரிந்தாள். அந்த ஐந்து நிமிஷம் இனித்தது என்றே சொல்ல வேண்டும்.

அப்போதுதான் அது கேட்டது. சோபாவிலிருந்து வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே, சுவரை ஒட்டி நின்ற வேனிலிருந்து வந்தது. குழாயில் காற்று ஏறும் அந்தப் பழகிய 'பூ' என்ற சத்தம்.

வெளியே தூறல் விழ ஆரம்பித்திருந்தது. நனையக் கூடாதென்று போகிற போக்கில் தகட்டை மடித்து, அதன் ஒயரைப் பெட்டியிலிருந்து பிடுங்கிக் கையில் சுற்றிக்கொண்டு, வேனுக்குள் ஏறினாள். மெஷினில் பச்சை விளக்கு எரிந்தது. முகமூடி தலையணைமேல் அண்ணாந்து கிடந்தது. அவள் வைக்கும்போது தலையணை உப்பலாக இருந்தது. இப்போது நடுவில் குழிந்திருந்தது.

பெட்டியின் திரையில் வலது பக்கம் எண் ஏறியது. எட்டு, பத்து, பதினான்கு. இறங்கியது. மறுபடி ஏறியது. வெறும் காற்று போனால் எண் ஒரே இடத்தில் நிற்கும். ஆள் இழுத்தால்தான் ஏறும், விட்டால்தான் இறங்கும். இது அவள் வாரக்கணக்கில் பார்த்துப் படித்த விஷயம். ஏறி, இறங்கி, ஏறி, சட்டென்று நின்றது.

அந்த இடைவெளி அவளுக்குத் தெரியும். எந்தக் கூட்டத்திலும் தெரியும். தன்னையறியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். பின்பு முகமூடிக்குள்ளிருந்து, நெரித்த கழுத்தை விட்டதுபோல, அவர் சத்தம் வந்தது.

மெஷினை அணைத்தாள்.

வீட்டுக்குள் ஏதோ தடாலென்று விழுந்தது. ஓடினாள். அவர் சோபாவுக்குக் கீழே முட்டி போட்டு, தொண்டையைப் பிடித்துக்கொண்டு, கண் பிதுங்கி உட்கார்ந்திருந்தார்.

"யாரோ வாயைப் பொத்தின மாதிரி இருந்துச்சும்மா."

தண்ணீர் கொடுத்தாள். முதுகைத் தடவினாள். "இருங்க, மெஷினை இங்கயே எடுத்துட்டு வந்துடுறேன். வேனும் வேணாம் ஒண்ணும் வேணாம். தூங்கிடாதீங்க," என்றாள்.

"நல்ல தூக்கம் தெரியுமா? காசு கொடுத்தாலும் கிடைக்காத தூக்கம்," என்று சொல்லிக்கொண்டே அவர் சாய்ந்தார்.

அவள் வாசலைத் தாண்டுமுன்பே வேனில் 'பூ' என்ற சத்தம் கிளம்பிவிட்டது.

வேனுக்குள் நின்று பார்த்தால் வீட்டு ஜன்னல் வழியே சோபா தெரியும். டிவியின் நீல வெளிச்சத்தில் அவர் மார்பு தெரிந்தது. திரையில் எண் ஏறியது. மார்பு எழுந்தது. எண் இறங்கியது. மார்பு இறங்கியது. எண் நின்றது. மார்பும் நின்றது. அவள் பிளக்கை நோக்கி நீட்டிய கையை மெல்ல இழுத்துக்கொண்டாள். மெஷின் நின்றால் என்ன ஆகும் என்று இப்போதுதான் பார்த்துவிட்டு வந்தாள்.

மிச்சம் நாற்பத்தொன்று சதவீதம் என்றது பெட்டி. இரண்டு ராத்திரிக்குத் தாங்க வேண்டியது. முப்பத்தாறு. இப்படிக் குடிக்கிற மெஷின் இல்லையே இது. இருபத்தொன்பது. வீட்டிலிருந்து நீள ஒயர் இழுத்து இந்தப் பெட்டிக்கே சார்ஜ் போடலாம், மேல் அலமாரியில் இருக்கிறது, ஸ்டூல் போட்டு ஏற வேண்டும். திரும்பினாள்.

அவர் வேன் கதவருகே நின்றிருந்தார்.

"நல்லா..." என்றார். எண் இறங்கியது. வாய் மூடியது. எண் ஏறியது. "...தூங்கினேன்." மறுபடி நின்றது. கண் பாதி மூடியிருந்தது. முகத்தில் அப்படியொரு தெளிவு, கல்யாண போட்டோவில் இருந்ததுபோல. தூறல் சட்டையை உடம்போடு ஒட்ட வைத்திருந்தது. மூக்கு அசையவில்லை. முகமூடிதான் அசைந்தது.

"என்னங்க, உள்ள போங்க. நனையுறீங்க."

"தம்பி... போன் பண்ணான்." ஏறியது. இறங்கியது. "ரெண்டு ராத்திரிக்கு... இந்தப் பெட்டி... பத்தாதும்மா."

பதினொன்று.

"பத்தும். நான் கணக்குப் போட்டுட்டேன்." அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"நீயும்... வந்துடு."

"எனக்கு டியூட்டி இருக்கு."

அவர் சிரித்தார். சத்தம் முகமூடியிலிருந்து வந்தது. வேனுக்குள் ஏறி, அவளை மெத்தையில் உட்கார வைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்து, கதவை இழுத்துச் சாத்தினார். ஈரத் துணியின் வாடை. பிளாஸ்டிக்கின் வாடை. நாலு. மூன்று. அவள் கைப்பிடியைத் தேடினாள். அவர் கை அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. பிடி இறுக்கமில்லை, ஆனால் விடுவதாகவும் இல்லை.

ஒன்று.

பச்சை விளக்கு அணைந்தது. முகமூடி அடங்கியது. அவர் வாய் பாதி வார்த்தையில் திறந்தபடி நின்றது. கண் மட்டும் அவளைப் பார்த்தது. அந்த அமைதி. அதே அமைதி. அவள் பழக்க தோஷத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். அடுத்தது வருமா.

வரவில்லை.

தாங்க முடியாமல் மூச்சை விட்டாள். திரை ஒளிர்ந்தது.

வலது பக்கம் இல்லை, உள்ளே வருவதைக் காட்டும் இடது பக்கம். ஏழு என்றது. அவள் மூச்சை இழுக்கப் பூஜ்யமானது. விட, ஒன்பது. தகடு மடித்துக் கிடந்தது. ஒயர் எதிலும் செருகாமல் அவள் கையில்தான் சுற்றியிருந்தது. அதன் முனையையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தாள். மூச்சை அடக்கினாள். பூஜ்யம். மணிக்கட்டில் பிடி இறுகியது. இன்னும் இறுகியது. எலும்பு வலித்தது. விட்டாள். பன்னிரண்டு.

பச்சை விளக்கு எரிந்தது. குழாயில் காற்று ஏறியது. அவர் பெருமூச்சு விட்டு, சின்னப் பிள்ளைபோல அவள் மடியில் தலை வைத்துக் காலை நீட்டினார். கொஞ்ச நேரத்தில், பழையபடி, பக்கத்து வீட்டுக்காரர்கள் ஜாடை பேசிய அந்தக் குறட்டை ஆரம்பித்தது.

இடது பக்கம் எண் அவள் மூச்சோடு ஏறி இறங்கியது. பெட்டியில் நிற்பது ஒன்று, எப்போதும் ஒன்றுதான். வந்ததெல்லாம் வந்த கையோடு போய்க்கொண்டிருந்தது. அவளுக்குத் தூக்கம் வந்தது. பயத்தையும் மீறி, அழுகையையும் மீறி, உடம்பு கெஞ்சியது. கண் சொருகியது. தூங்குகிறவர்களின் மூச்சு மெதுவாகும். அவள் மூச்சும் மெதுவானது. எண் இறங்கியது. நாலு. மூன்று.

மணிக்கட்டில் கை இறுகியது. அவள் விழித்துக்கொண்டு மூச்சு விட்டாள்.