கிட்டங்கிக்குள் இரண்டு கரடிகள்

வீல் என்று ஓர் அலறல்!

இராஜபாளையம் கடைத்தெருவையே ஒரு உலுக்கு உலுக்கியது.

அலறியவள் வெள்ளைத்தாய். பஞ்சு மூடைகளை அடுக்கிவைக்கும் கிட்டங்கியைக் கூட்டிப் பெருக்குகிறவள். காலையில் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனவள், விளக்குமாறும் கையுமாக உறைந்து நின்றாள்.

பரணுக்கு ஏறும் ஏணி.

அதன் அடியில் மல்லாந்து கிடந்தார் முதலாளி அகமது கபீர் ராவுத்தர்.

கண்கள் திறந்திருந்தன. தலைக்கு அடியில் சிந்திக் கிடந்த பஞ்சு சிவந்து, காய்ந்து, கறுத்துப் போயிருந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து இன்ஸ்பெக்டர் சுயம்புலிங்கம் குதிரையில் வந்து இறங்கினார். பின்னாலேயே மாட்டு வண்டியில் ஏட்டு சங்கையா.

விசாரணைக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. கபீரின் தம்பி அய்யூப், முந்தின நாள் வாரச் சந்தையில் வைத்தே அண்ணனோடு மல்லுக்கு நின்றிருக்கிறான். கிட்டங்கியில் பாதி தனக்கு வேண்டுமாம். நீ இருக்கிற வரைக்கும் எனக்கு விடியாது என்று அவன் கத்தியதைச் சந்தையே கேட்டிருந்தது.

அய்யூப் கையில் விலங்கு விழுந்தது.

நான் இல்லை, நான் இல்லை என்று அழுதான். அழாத குற்றவாளியைச் சுயம்புலிங்கம் தம் சர்வீஸில் பார்த்ததே இல்லை. வண்டியில் ஏற்றச் சொன்னார்.

செய்தி, மதியத்துக்குள் ஸ்ரீவில்லிபுத்தூர் மிஷன் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டது.

பூகோள வாத்தியார் சத்தியநேசன் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தான். சுண்ணக்கட்டி இரண்டாக ஒடிந்து கீழே விழுந்தது.

கபீர் செத்துவிட்டாரா..?

அவர் சாவார் என்று அவன் நினைக்கவில்லை. நினைத்துவிடாமல் இருக்க ராத்திரி முழுக்கப் பாடுபட்டான் என்பதுதான் சரி.

ஏனென்றால்...

ஏணியிலிருந்து கபீரை விழவைத்தவன் அவன்தான்!

ஸ்டாம்பு!

அந்தப் பைத்தியம்தான் பஞ்சு வியாபாரியையும் மிஷன் வாத்தியாரையும் ஒன்றாகச் சேர்த்திருந்தது. அதிலும் அமெரிக்க ஸ்டாம்பு. கபீருக்குத் தூத்துக்குடித் தரகர்கள் மூலம் வரும். சத்தியநேசனுக்கு மிஷன் பங்களாவின் குப்பைக் கூடைதான் அமெரிக்கா.

இரண்டு பேரும் மற்ற எல்லா விஷயத்திலும் ஒத்துப்போனார்கள். ஒன்றே ஒன்றில்தான் தகராறு. கபீர், ஸ்டாம்பைத் தண்ணீரில் ஊறப்போட்டு உரித்து ஆல்பத்தில் ஒட்டுவார். சத்தியநேசனுக்கு அது பிடிக்காது. எந்த ஊரில் சீல் விழுந்தது, எந்தக் கப்பலில் ஏறியது, யார் கைக்குப் போய்ச் சேர்ந்தது... அத்தனையும் சேர்ந்தால்தான் அது ஸ்டாம்பு, உரித்தால் வெறும் தோல் என்பான். கபீர் தாடியை நீவிக்கொண்டு சிரிப்பார்.

சந்தை நாளன்று கபீர் ஆள் அனுப்பியிருந்தார். பரணைச் சுத்தம் செய்ததில் ஒரு தகரப்பெட்டி அகப்பட்டிருக்கிறது, உடனே வரவும் என்று.

சத்தியநேசன் போனபோது அந்தி நேரம். வேலையாட்கள் எல்லோரும் சந்தைக்குப் போயிருந்தார்கள். இரண்டு பேரும் ஏணியில் ஏறிப் பரணுக்குப் போனார்கள்.

கும்பெனிக்காரன் காலத்தில், இந்தப் பக்கத்து உழவுச் சம்சாரிகளுக்குப் பருத்தி போடச் சொல்லித்தருகிறேன் என்று அமெரிக்காவிலிருந்து சில துரைகள் வந்திருந்தார்கள். அதில் ஒரு துரை இந்தக் கிட்டங்கியில்தான் தங்கியிருந்தான். ஊருக்குத் திரும்பும்போது விட்டுப்போன பெட்டி அது. உள்ளே, செல்லரித்த சட்டைகளுக்கு அடியில், அவன் வீட்டிலிருந்து வந்த கடிதங்கள். உறை கிடையாது. தாளையே மடித்து, அரக்கு வைத்து, வெளிப்பக்கத்தில் விலாசம் எழுதிய கடிதங்கள்.

ஒன்றை எடுத்து நீட்டினார் கபீர்.

சத்தியநேசன் குனிந்து பார்த்தான்.

மூலையில் வெளிறிய பச்சை நிறத்தில் ஒரு ஸ்டாம்பு. இரண்டு கரடிகள் எதிரெதிரே நிமிர்ந்து நின்று, நடுவில் ஒரு வட்டமான கேடயத்தைப் பிடித்துக்கொண்டிருந்தன.

“ராவுத்தரே... இது என்னன்னு தெரியுதா? அமெரிக்கா சர்க்கார் ஊருக்கெல்லாம் பொதுவா ஸ்டாம்பு போடுறதுக்கு முந்தியே, செயின்ட் லூயிஸ்ங்கற ஊரு போஸ்ட் மாஸ்டர் தானா அச்சடிச்சு வித்தது. லண்டன் கேட்லாக்குல படமாத்தான் பாத்திருக்கேன்.”

“அம்புட்டு ஒசத்தியா?” கபீரின் கண்கள் மின்னின. “அப்ப இன்னைக்கே தண்ணில போட்டு உரிச்சுருவோம்.”

“வேண்டாம். மை கரைஞ்சுரும். அம்பது வருசத்துக்கு முந்தி ஒருத்தி கடல் தாண்டிப் புருசனுக்கு எழுதுனது. தண்ணி பட்டா ஒரு எழுத்து மிஞ்சாது. எங்கிட்டக் குடுங்க.”

“எம் பொட்டி, எங் கரடி. நான் குளிப்பாட்டுவேன். ஒமக்கென்ன வாத்தியாரே?”

கடிதத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, கபீர் ஏணியில் கால் வைத்து இறங்க ஆரம்பித்தார்.

சத்தியநேசன் கெஞ்சினான். அவர் நிற்கவில்லை. பரணில் மண்டியிட்டுக் குனிந்து, வெடுக்கென்று கடிதத்தைப் பிடித்து இழுத்தான்.

கடிதம் இவன் கைக்கு வந்தது.

கபீரின் கை ஏணியை விட்டது.

தொப்!

பிறகு... கீழேயிருந்து ஒரு முனகல்.

உயிர் இருந்தது. கபீர் கண்ணைத் திறந்து இவனைத்தான் பார்த்தார். கையைக்கூட லேசாகத் தூக்கினார்.

சத்தியநேசன் ஒரு சத்தம் கொடுத்திருந்தால் போதும். தெருவில் யாராவது வந்திருப்பார்கள். ஆனால் வருகிறவன் முதலில் என்ன கேட்பான்? கடிதம் யார் கையில் இருக்கிறது என்றுதானே?

கடிதத்தைச் சட்டைக்குள் செருகினான். ஏணியில் இறங்கினான். இறங்குகிற இடத்தில் அவர் கிடந்தார். அவரைத் தாண்டித்தான் போகவேண்டியிருந்தது.

தாண்டினான்.

கதவைச் சாத்திவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் நடந்தான். யாராவது வருவாங்க... பாத்துக்கிருவாங்க... வழி நெடுக அதையே சொல்லிக்கொண்டு போனான்.

அந்தக் கடிதம் இப்போது வகுப்பறைச் சுவரில், வட அமெரிக்கப் படத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்தது.

ஒரு நாள் பிள்ளைகள் போனபின் எடுத்துப் பார்த்தான். பூதக்கண்ணாடியை வைத்து, கரடிகளின் ரோமம் வரைக்கும் பார்த்தான். எப்போதும் நெஞ்சுக்குள் ஒரு குளிர்ச்சி பரவுமே... அது வரவில்லை. கபீரின் தூக்கிய கைதான் வந்தது.

சாப்பாடு இறங்கவில்லை. அவன் மனைவி ஏசம்மாள், காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். மிஷன் கோயிலில் ஜெபத்துக்கு எல்லோரும் முழங்கால் போட்டபோது இவன் எழுந்து வெளியே வந்துவிட்டான். வந்த இடத்தில் இரண்டு பேர், அய்யூபுக்குத் தூக்கு நிச்சயம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

தனக்காக ஒருவன் கயிற்றில் தொங்கப்போகிறான்!

அன்றைக்கே வண்டி பிடித்து இராஜபாளையம் போனான். போலீசுக்கு இல்லை. அந்தத் தைரியம் இன்னும் வரவில்லை. துக்கம் கேட்டுவிட்டு வரலாம் என்று தனக்கே ஒரு பொய் சொல்லிக்கொண்டு, கபீரின் வீட்டுக்குப் போனான்.

கபீரின் மனைவி ஜெய்னப், புருஷனை இழந்தவள் வெளி ஆண்களுக்கு முகம் காட்டாமல் இருக்கும் இத்தாவில் இருந்தாள். துணித் திரைக்குப் பின்னாலிருந்து அவள் குரல் மட்டும் வந்தது. கொழுந்தன் கோபக்காரன்தான், ஆனால் கூடப்பிறந்தவரைக் கொல்லுகிறவன் இல்லை என்று சொல்லிச் சொல்லி அழுதாள். சத்தியநேசன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

எழுந்து புறப்பட்டபோது அவள் கூப்பிட்டாள்.

“வாத்தியாரய்யா, செத்த நில்லுங்க. ஏதோ கரடி போட்ட கடுதாசியாம்ல... அது ஒங்க கைக்கு வந்துச்சா?”

அவன் வாசற்படியிலேயே நின்றான்.

“பொட்டி அகப்பட்ட அன்னைக்கே அவிய சொல்லிட்டாவ, இது வாத்தியாருக்குத்தான்னு. அவருக்குத்தான் அதோட அருமை தெரியுமாம். தண்ணில போடப்போறேன்னு கொஞ்ச நேரம் ஆட்டங்காட்டிட்டுப் பொறவு குடுப்பேன், அவரு மொகம் போற போக்கப் பாக்கணும்னு சிரிச்சாவ. அது கெடைச்சா நீங்களே எடுத்துக்கிருங்க.”

விளையாட்டு...

ஒரு விளையாட்டுக்காகவா..?

தெருவுக்கு வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு வண்டிக்காரனை விரட்டினான். நேரே பள்ளிக்கூடம். வட அமெரிக்காவைப் பிய்த்துக் கீழே தள்ளினான். கடிதத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய், ஏசம்மாளை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னான். அவள் எழுந்து போனாள். பிறகு, முகம் கழுவ ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

“கழுவிட்டுப் போங்க. அங்க போயி ஒண்ணையும் மறைக்காதீங்க.”

போலீஸ் ஸ்டேஷன்.

மேஜைமேல் கடிதத்தை வைத்துவிட்டு, சத்தியநேசன் ஆரம்பத்திலிருந்து சொன்னான். பறித்ததை. விழுந்ததை. தாண்டியதை. ஏட்டு சங்கையா எழுதிக்கொண்டே இருந்தார்.

“அய்யூப விட்டுருங்கய்யா. கொன்னவன் நான்.”

இன்ஸ்பெக்டர் நாற்காலியில் சாய்ந்தார்.

“ராவுத்தருக்குத் தலையில காயம் இருந்துச்சு. ஆனா அதுல அவரு சாகல. ஆஸ்பத்திரி டாக்டர் அறுத்துப் பாத்துட்டாரு. மூக்கு, தொண்டை, அம்புட்டுலயும் பஞ்சு. யாரோ பஞ்சு மூடைய மொகத்துல வச்சு அமுக்கியிருக்கான். நீரு அமுக்குனீரா?”

“இல்லய்யா... இல்ல.”

“தெரியும். அமுக்குனது அய்யூப்தான். டாக்டர் எழுதுனத இன்னைக்குக் காலையில அவனுக்கு வாசிச்சுக் காட்டுனேன். ஒத்துக்கிட்டான். சந்தையில விட்ட சண்டையோட மிச்சத்தப் போடத்தான் போயிருக்கான். ராவுத்தர் எப்படிக் கீழ கெடந்தாருங்கறதுதான் எனக்குப் பிடிபடல. விழுந்துட்டேன்னுதான் அவரு சொன்னாராம், யாரு தள்ளுனதுன்னு சொல்லல. ஒம்மக் கூப்பிட்டுக் கேக்கலாம்னு இருந்தேன், அதுக்குள்ள நீரே வந்து சொல்லிட்டீரு.”

சத்தியநேசன் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான்.

நான் கொல்லவில்லை... நான் கொல்லவில்லை!

எத்தனையோ நாளுக்குப் பிறகு நெஞ்சு நிறைய மூச்சு இழுத்தான். உதட்டில் ஒரு சிரிப்புக்கூட வரப்பார்த்தது. அவனுக்கே வெட்கமாகப் போயிற்று.

“அய்யூப் போனப்ப... அவருக்கு நெனவு இருந்துச்சாய்யா?”

இன்ஸ்பெக்டர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“இருந்துச்சு. என்ன இருந்தாலும் கூடப்பொறந்தவன் பாரும். மொதல்ல தூக்கிவிடத்தான் கைய நீட்டியிருக்கான். ராவுத்தர் அவன் கைய வேண்டாம்னு தட்டிவிட்டாராம். ‘வாத்தியார் ஆள் கூட்டியாரப் போயிருக்காரு. இந்தா வந்துருவாரு. நீ தொடாத, போ’ன்னாராம். அதுலதான் அவனுக்குக் கோவம் பொத்துக்கிட்டு வந்துருக்கு.”

சத்தியநேசன் இழுத்த மூச்சு அப்படியே நின்றது.

யாராவது வருவார்கள் என்று நினைத்தானே. வந்திருக்கிறான். தூக்கவும் பார்த்திருக்கிறான். இவன் திரும்பி வருவான் என்று நம்பியவர், அந்தக் கையைத் தட்டிவிட்டிருக்கிறார்!

இரண்டு கைகளையும் மேஜைமேல் நீட்டினான்.

“எனக்கும் வெலங்கு போடுங்கய்யா.”

“கொலைக்கு ஒம்ம மேல கேசு இல்ல வாத்தியாரே.”

“அதுக்குத்தான் போடணும்யா.”

சுயம்புலிங்கம் அவனையே பார்த்தார். தூக்குமேடை வரைக்கும் போனவர்களைப் பார்த்திருக்கிறார். தப்பித்தபிறகு இப்படி விலங்கு கேட்கிறவனை இப்போதுதான் பார்க்கிறார். பெருமூச்சு விட்டார்.

“பறிச்சதுக்கும், காயம்பட வச்சதுக்கும் கேசு உண்டு. சங்கையா, அதுக்குத் தனியா ஒண்ணு எழுதும்.”

ஏட்டு சங்கையா பேனாவை மையில் தோய்த்துக்கொண்டு, பறிபோன பொருள் என்ன, அதன் மதிப்பு என்ன என்று கேட்டார். லண்டன் விலை சத்தியநேசனுக்கு மனப்பாடம். வாய் திறந்தான். வார்த்தை வரவில்லை.

சங்கையா பொறுத்துப் பார்த்தார். பிறகு தாமே அந்தக் கடிதத்தை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். ஸ்டாம்பை நகத்தால் லேசாகச் சுரண்டினார். உதட்டைப் பிதுக்கினார்.

“மதிப்புன்னு ஒண்ணும் எழுத முடியாதுங்கய்யா... கரடி ரெண்டு மேலயும் ஏற்கெனவே சீல் விழுந்துருக்கு. இது செல்லாத ஸ்டாம்பு!”