கீரிமலைக்குப் போன தேசிக்காய்

வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் உரும்பிராயில் கோபிகா வீட்டுக் கிணற்றில் ‘தொபுக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். அவளுடைய தம்பி சுபாங்கன் தேசிக்காய், அதுதான் எலுமிச்சங்காய், போடுகிறான்.

போன வருடம் வரை பக்கத்து வீட்டில் டிலக்ஷன் இருந்தான். அப்போதெல்லாம் அந்தக் கிணற்றடியில் எப்போதும் இரண்டு குரல்கள் கேட்கும். ஒரு வாளித் தண்ணீரை இரண்டு பேரும் பிடித்திழுத்து, கடைசியில் வாழைக்குத்தான் ஊற்றுவார்கள். பிறகு டிலக்ஷன் வீட்டாருக்குக் கீரிமலையில் அவர்களுடைய பழைய காணி திரும்பக் கிடைத்தது. சாமான் ஏற்றிய லொறியிலிருந்து அவன் தலையை நீட்டிக் கத்தினான்.

“டேய், வெள்ளிக்கு வெள்ளி உங்கடை கிணத்துக்குள்ள தேசிக்காய் போடு! நிலத்துக்குக் கீழால வந்து கீரிமலைக் கேணியில மிதக்கும். நான் எடுப்பன்!”

அன்றிலிருந்து உரும்பிராயிலிருந்து தேசிக்காய்கள் புறப்பட்டபடியே இருந்தன.

“உது பொய்யடா,” என்றாள் கோபிகா. “எட்டிப் பார். போன கிழமை போட்டது அங்கையே மிதக்குது.”

“அது இன்னும் வெளிக்கிடேல்லை.”

“பக்கத்தில கிடக்கிறது?”

“அது அதுக்குத் துணைக்கு நிக்குது.”

அடுத்த நாள் எல்லோரும் கீரிமலைக்குக் குளிக்கப் போவதாக இருந்தது. அங்கே போய், தேசிக்காய் வந்ததா என்று இவன் கேட்க, டிலக்ஷன் சிரித்துவிட்டால்? கோபிகாவுக்குப் பயமாக இருந்தது. வாளியை இறக்கி மூன்று தேசிக்காய்களை அள்ளித் தம்பியின் முன்னால் வைத்தாள். ஒன்றில் நகத்தால் கீறிய ‘சு’ இருந்தது.

சுபாங்கன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“போகாதெண்டு எனக்கும் கொஞ்சம் தெரியும், அக்கா. ஆனா போகாதெண்டு நினைச்சா எப்பிடிப் போடுறது?”

“போனில கதைக்கலாம்தானே?”

“அவன் ‘சுகமோ’ எண்டுவான். நான் ‘ஓம்’ எண்டுவன். பிறகு ரெண்டு பேரும் சும்மா நிப்பம். தேசிக்காய் போடேக்கைதான் அவன் பக்கத்தில நிக்கிற மாதிரி இருக்கும்.”

கோபிகா தேசிக்காய்களைத் துடைத்துத் தன் பைக்குள் வைத்தாள்.

கீரிமலையில் டிலக்ஷன் ஈரத்தலையோடு ஓடிவந்தான். ஆனால் கிட்ட வந்ததும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டான்.

“ஒவ்வொரு வெள்ளியும் வந்து பாக்கிறன். ஒண்டும் வரேல்லை. நீ என்னை மறந்திட்டாய், என்ன?”

சுபாங்கனுக்குக் கண் நிறைந்தது.

கோபிகா பையைத் திறந்தாள். “அவன் மறக்கேல்லை. எல்லாம் எங்கடை கிணத்துக்குள்ளதான் நிண்டது. இதுகள் பஸ்ஸில வந்ததுகள்.”

டிலக்ஷன் ‘சு’வைத் தடவிப் பார்த்தான். அடுத்த நிமிடம் தேசிக்காய்களைப் பறித்துக்கொண்டு ஓடிக் கேணியில் வீசினான். பின்னாலேயே சுபாங்கனும் குதித்தான்.

“வந்திட்டுது! வந்திட்டுது!” என்று இரண்டு பேரும் கத்தியதில், குளித்துக்கொண்டிருந்தவர்கள் யார் வந்தது என்று திரும்பிப் பார்த்தார்கள்.

அடுத்த வெள்ளி பின்னேரம் கிணற்றில் ‘தொபுக்’ என்றது. உடனே இன்னொரு ‘தொபுக்’.

சுபாங்கன் திரும்பிப் பார்த்தான். “அக்கா! நீயுமோ?”

“துணைக்கு,” என்றாள் கோபிகா.