கிளிக் என்றால் நிறுத்து!

"ஐயோ... ரத்தம்!"

முதலாளியம்மாவின் அலறல் போர்டிகோவில் கிளம்பி, கூடத்தைக் கடந்து, பின்கட்டில் டீ குடித்துக்கொண்டிருந்த டிரைவரின் காதில் இறங்கியது.

டீ நாக்கைச் சுட்டது. டம்ளரைப் போட்டுவிட்டு ஓடினான்.

போர்டிகோவில் வெள்ளைக் கார். கியர் போடுகிற வேலையைக்கூட மனுசனுக்கு விடாமல் தானே பார்த்துக்கொள்ளும் ஆட்டோமேட்டிக் கார். அதன் வயிற்றுக்கு அடியிலிருந்து சிவப்பாக ஒரு கோடு வழிந்து, தரையில் நெளிந்து வந்து, முதலாளியம்மாவின் செருப்பைத் தொட்டுக்கொண்டிருந்தது!

"அடியில யாரோ செத்துக் கெடக்கறாங்க! பாருங்க... பாருங்க!"

"நகருங்கம்மா."

இன்ஸ்பெக்டர் முன்னால் வந்தார். அவர் வீட்டுக்குள்ளேயேதான் இருந்தார். நேற்றுச் சாயங்காலம் முதலாளியின் பீரோவிலிருந்து பெரிய பட்டாணி அளவு நீலக்கல் ஒன்று காணாமல் போனது தெரிந்ததிலிருந்து அவருக்கு இந்த வீட்டில்தான் சாப்பாடு.

தொந்தியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். காருக்கடியில் எட்டிப் பார்த்தார். ஒரு விரலைச் சிவப்பில் தொட்டு முகர்ந்தார்.

"பொணமும் இல்ல, ரத்தமும் இல்ல. ஆயில்!"

"ஆயில் கறுப்பாத்தானே இருக்கும்?"

"அது எஞ்சின் ஆயில். இது கியர்பாக்ஸ் ஆயில். செவப்பாத்தான் இருக்கும். போய்க் காலைக் கழுவுங்கம்மா."

எல்லோரும் மூச்சை விட்டார்கள்.

ஒருவன் மட்டும் விடவில்லை.

டிரைவர்!

அவன் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. வெறும் பை. ஏமாந்து திரும்பியது. அந்த வீட்டில் அவனுக்குப் பெயரே 'தைலம்'தான். தும்மினால் தைலம், துக்கம் வந்தால் தைலம். அந்தத் தைல டப்பா இன்று பையில் இல்லை.

எங்கே இருக்கிறது?

கியர்பாக்ஸுக்குள்!

ஒளித்து வைத்துச் சொல்ல இதில் ஒன்றும் இல்லை. திருடன் அவன்தான். நேற்றுக் காலை பீரோவில் சாவி தொங்கியது. பக்கத்தில் ஆள் இல்லை. கை உள்ளே போய்விட்டது.

எடுப்பது சுலபம். எவனும் எடுப்பான். வைக்கிற இடத்தில்தான் புத்தி வேண்டும். சட்டைப் பையைச் சோதிப்பார்கள். படுக்கையை உதறுவார்கள். கார் சீட்டைக்கூடக் கிழிப்பார்கள்... ஆனால் கியர்பாக்ஸின் வயிற்றைக் கிழிப்பார்களா?

அதன் அடியில் ஒரு தகரத் தட்டு உண்டு. ஆயில் தேங்குகிற தட்டு. சுற்றிலும் போல்ட். உள்ளே இரும்புத்தூளைப் பிடித்து வைக்க ஒரு காந்தம். முதலாளி மதியம் குறட்டை விட்ட நேரத்தில் தைலம் ஆயிலை வாளியில் பிடித்துக்கொண்டு தட்டைக் கழற்றினான். கல்லைத் தன் டப்பாவுக்குள் போட்டுக் காந்தத்தின்மேல் வைத்தான்.

டப்!

டப்பா ஒட்டிக்கொண்டது. முதலாளியம்மாவை இன்று அவள் தங்கை வீட்டில் விட்டுவிட்டு, சாவகாசமாக எங்காவது ஓரம்கட்டி எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். பிறகு ஒரு சொந்த மெக்கானிக் ஷெட்! தன்னைத் துரத்திவிட்ட அக்காவின் ஷெட்டுக்கு நேர் எதிரிலேயே! அவள் போர்டைவிடப் பெரிய போர்டு!

ஒரே ஒரு இடைஞ்சல்.

டப்பா கொஞ்சம் உயரம். தட்டு சரியாக உட்காரவில்லை.

மூளை இருக்கிறவன் வேறு டப்பா தேடியிருப்பான். தைலம் ஸ்பேனரில் இரும்புப் பைப்பைச் சொருகி, ஒரு பக்கத்துப் போல்ட்டுகளை வரிசையாக முறுக்கினான். தம் பிடித்து முறுக்கினான். பிறகு மறுபக்கம். உள்ளே ஏதோ 'கறக்' என்றது. ஆயிலைத் திரும்ப ஊற்றிவிட்டுச் சந்தோஷமாகக் கையைத் துடைத்துக்கொண்டான். அவன் சுபாவம் அது. அவன் மூடிய தண்ணீர்க் குழாயைத் திறக்க அந்த வீட்டில் இரண்டு பேர் வேண்டும்!

இப்போது... அந்தத் தட்டுதான் ஒழுகுகிறது!

"என்ன தைலம், பேயறைஞ்ச மாதிரி நிக்கற?" முதலாளி வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். "உங்க அக்கா ஷெட்டுக்குப் போன் போடு. இழுத்துட்டுப் போகட்டும்."

"அக்காவா? எ... எதுக்கு முதலாளி? ரெண்டு திருகு திருகினா நின்னுடும். நானே பாக்கறேன்!"

பதிலுக்குக் காத்திருக்காமல் ஸ்பேனரோடு காருக்கடியில் புகுந்தான்.

முதலாளி இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினார். நேற்றிலிருந்து பாடுகிற அதே பாட்டு.

"அது சாதாரணக் கல்லு இல்ல சார். கண்ணாடியை அறுக்கும்! இரும்பையே கீறும்! போன மாசம்தான் இன்சூரன்ஸ் பண்ணேன். என் நல்ல காலம்..."

"பீரோ சாவியை எடுத்து வெச்சிருந்தா இன்னும் நல்ல காலம்."

"மறதி சார்..."

டக்!

காருக்கடியிலிருந்து ஒரு போல்ட் தலை மட்டும் உருண்டு வந்து இன்ஸ்பெக்டரின் பூட்ஸில் முட்டி நின்றது. பின்னாலேயே சிவப்பு ஆயில், முன்னைவிட வேகமாக!

இன்ஸ்பெக்டர் குனிந்து கேட்டார்.

"டைட் ஆயிடுச்சா தம்பி?"

* * *

காரை இழுத்துக்கொண்டு போனார்கள். பின்னாலேயே ஏட்டு ஓட்டிய போலீஸ் ஜீப். கல் கிடைக்கிறவரை அந்த வீட்டிலிருந்து ஒரு துரும்பு வெளியே போனாலும் போலீஸும் கூடப் போகும் என்பது இன்ஸ்பெக்டரின் உத்தரவு. முதலாளியும் தைலமும் ஜீப்பில் ஏறிக்கொண்டார்கள்.

தைலம் வழியெல்லாம் ஒரே ஒரு விஷயத்தைத்தான் யோசித்தான். அக்கா தட்டைக் கழற்றக் கூடாது!

அக்கா ஷெட் வாசலில் நின்றாள். நெற்றிமேல் ஏற்றிவிட்ட கண்ணாடி, முழங்கைவரை கிரீஸ். கார், ஜீப், முதலாளி, தம்பி என்று வரிசையாகப் பார்த்தாள்.

"என்னடா, போலீஸ் காவலோட வர்ற? பெரிய மனுசன் ஆயிட்டியா?"

"சும்மா ஒழுகுதுக்கா. மேலாக்க ஏதாவது பசையைத் தடவி அனுப்பிடு. அவசரம்."

"பசை தடவறதுக்கு இதென்ன கல்யாணப் பத்திரிகை கவரா? தள்ளு."

கார் லிஃப்டில் ஏறியது. அக்கா கண்ணாடியை மூக்குக்கு இறக்கிக்கொண்டு அடியில் போய் நின்றாள். டார்ச் அடித்தாள்.

ஒவ்வொரு போல்ட்டையும் விரலால் தடவிப் பார்த்தாள்.

அவள் பேசாமல் இருந்தால் ஆபத்து என்பது தம்பிக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும்.

"இதை யார் கழட்டினது?"

"யாரும் கழட்டலையே..."

"போன தடவை நான்தான்டா மாட்டினேன். ஒவ்வொரு போல்ட்டா இறுக்கி, தலைல மஞ்சப் பெயிண்ட்ல ஒரு புள்ளி வெச்சேன். புள்ளி எங்க?"

"மழைல கரைஞ்சிருக்கும்."

"புள்ளி கரையும். போல்ட்டோட மூலையெல்லாமா கரையும்?"

இன்ஸ்பெக்டர் நெருங்கி வந்தார். "என்னம்மா தகராறு?"

"எவனோ பைப்பைப் போட்டு முறுக்கியிருக்கான் சார். தட்டே வளைஞ்சிருக்கு."

"இறுக்கமா இருந்தா நல்லதுதானேம்மா? அப்புறம் ஏன் ஒழுகுது?"

அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தாள். தொந்தியில் கொஞ்சம் அதிகமாக நின்று பார்த்தாள்.

"சார், உங்க பெல்ட்டை இழுத்துக் கடைசி ஓட்டையில போட்டா என்ன ஆவும்?"

"...மேல ஒரு பக்கம், கீழ ஒரு பக்கம் பிதுங்கும்."

"அதேதான். தட்டுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவுல ஒரு ரப்பர் பேக்கிங் இருக்கு. சமமா அழுத்தினா அடைச்சு நிக்கும். கன்னாபின்னான்னு முறுக்கினா பிதுங்கி வெளிய வந்துடும். அப்புறம் ஒழுகாம என்ன பண்ணும்?"

சுவரோரப் பெட்டியைத் திறந்து, துணி சுற்றிய நீளமான கருவி ஒன்றை எடுத்துக் காட்டினாள்.

"இது டார்க் ரெஞ்ச். எவ்வளவு இறுக்கணுமோ அந்த அளவை இதுல வெச்சுட்டு, முதல்ல இந்த மூலை, அப்புறம் எதிர் மூலை, கொஞ்சம் கொஞ்சமா இறுக்கிட்டு வரணும். அளவு வந்ததும் 'கிளிக்'னு சொல்லும். கிளிக்னா கை நிக்கணும். நிக்காத ஒரு கை எனக்குத் தெரியும். அந்தக் கையைத்தான் இந்த ஷெட்டை விட்டே தொரத்தினேன்!"

சொட்டு சொட்டாக ஆயில் விழுந்துகொண்டிருந்தது.

அக்கா தம்பியின் சட்டைக் காலரைப் பிடித்துக் காருக்கடியில் இழுத்தாள். குரல் கிசுகிசுப்பாக மாறியது.

"டேய். இது உன் கைடா. உள்ள என்ன வெச்சிருக்க?"

"அக்கா... உன் கால்ல விழறேன். அப்படியே மூடி அனுப்பிடு. தொறந்தா நான் ஒழிஞ்சேன்!"

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு தட்டை. பிறகு மறுபடி அவன் முகத்தை.

"பொய் சொல்லவும் மாட்டேன். அது வேற விஷயம். ஆனா நானே மனசு வெச்சாலும் மூட முடியாதுடா. நீ வளைச்ச வளைப்புக்கு எப்படி மூடினாலும் ஒழுகும்!"

காலரை விட்டாள். ஸ்பேனரை எடுத்தாள்.

தைலம் கண்ணை மூடிக்கொண்டான்.

போல்ட்டுகள் கிறீச்சிட்டுக் கழன்றன. தட்டு மெல்ல இறங்கியது. மிச்ச ஆயில் வாளியில் விழுந்தது. கூடவே... ஒரு வாசனை!

இன்ஸ்பெக்டரின் மூக்கு விடைத்தது.

"என்னம்மா இது? கியர்பாக்ஸுக்குத் தலைவலியா?"

அக்கா காந்தத்திலிருந்து எதையோ பெயர்த்து அவர் கையில் வைத்தாள். லாரி ஏறினது மாதிரி சப்பையாக நசுங்கிய ஒரு தைல டப்பா!

இன்ஸ்பெக்டர் தலையைத் திருப்பினார்.

"தைலம்... காலைலேர்ந்து பையைப் பையைத் தடவிட்டிருந்தியே, இதையா தேடின?"

"நான்தான் சார் எடுத்தேன்." தைலம் கையைக் கூப்பினான். "அக்காவுக்கு எதுவும் தெரியாது. அவங்களை விட்டுடுங்க."

இன்ஸ்பெக்டர் ஸ்க்ரூடிரைவரை வைத்து டப்பாவை நெம்பினார்.

உள்ளே கல் இல்லை.

நீல நிறத்தில் பொடி!

"ஐயோ... என் கல்லு!" முதலாளி நெஞ்சில் அடித்துக்கொண்டார். அழுகை வந்தது. ஆனால் கண்ணீருக்கு முன்னாலேயே வார்த்தை வந்துவிட்டது. "சார், நல்லா பாத்துக்கோங்க! கல்லு பொடியாயிடுச்சுன்னு உங்க வாயாலயே இன்சூரன்ஸ்காரங்கிட்ட சொல்லணும்!"

தைலம் அந்தப் பொடியையே பார்த்தான். இந்தப் பொடிக்காகவா ஜெயிலுக்குப் போகிறோம்? இதற்கா எதிர்த்தாற்போல் ஷெட்? டப்பாவைப் பிடுங்கி உள்பக்கத்தைத் தடவினான்.

வழவழ.

"முதலாளி... ஒரு சந்தேகம்."

"திருட்டு நாயே! உனக்கென்னடா சந்தேகம்?"

"கண்ணாடியை அறுக்கும், இரும்பையே கீறும்னு காலைலகூடச் சொன்னீங்களே. அந்தக் கல்லு இந்தத் தகர டப்பாவுல ஒரு கீறல்கூடப் போடலையே! டப்பா மூஞ்சில ஓட்டை விழணும்... கல்லு ஏன் மாவாச்சு?"

முதலாளியின் அழுகை நடுவழியில் நின்றது. பிரேக் போட்ட மாதிரி!

இன்ஸ்பெக்டர் ஒரு சிட்டிகைப் பொடியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். மினுமினுத்தது.

"கண்ணாடித் தூள்!" என்றார் மெல்ல. "நெஜக் கல்லை எப்பவோ வித்தாச்சு. போன மாசம் இன்சூரன்ஸ். அப்புறம் கண்ணாடிக் கல்லைப் பீரோவுல வெச்சு, சாவியையும் தொங்கவிட்டு, எவனாவது வந்து எடுக்கட்டும்னு உள்ள போய்ப் படுத்தாச்சு... அப்படித்தானே முதலாளி?"

"எனக்கு... எனக்குத் தலை வலிக்குது சார்..."

"தைலம் இருக்கு. தடவி விடச் சொல்லட்டுமா?"

முதலாளி வாயைத் திறந்தார். வேட்டிதான் அவிழ்ந்தது.

"ஏட்டு! கல்லை யார்கிட்ட வித்தார்னு ஸ்டேஷன்ல வெச்சுக் கேட்டுக்கலாம். விலங்கை எடு!"

விலங்கு ஒன்றுதான் இருந்தது. ஏட்டு ஒரு வளையத்தை முதலாளி கையிலும், இன்னொன்றைத் தைலத்தின் கையிலும் மாட்டினார். வாழ்க்கையில் முதல்முறையாக முதலாளியும் டிரைவரும் சரிசமம்!

கிளிக்.

ஏட்டு விடவில்லை. இன்னும் அழுத்தினார்.

கிளிக்... கிளிக்...

"ஆ! ஏட்டய்யா!" தைலம் துள்ளினான். "அக்கா சொன்னது காதுல விழலையா? கிளிக்னா நிறுத்தணும்!"

அக்கா காருக்கடியில் முறிந்த போல்ட்டைத் துளைபோட்டு எடுத்துக்கொண்டிருந்தாள். கண்ணைத் துடைத்தாளா, ஆயிலைத் துடைத்தாளா, தெரியாது. மஞ்சள் பெயிண்ட் டப்பா மட்டும் அங்கிருந்து உருண்டு வந்தது.

"விலங்கு மேல ஒரு புள்ளி வெச்சுக் கூட்டிட்டுப் போங்க ஏட்டய்யா... நடுவுல எவனாவது கழட்டினா கண்டுபிடிச்சிடலாம்!"