பிஸ்கட்டுக்குப் பிறகு ஒரு நாய்

"சனிக்கிழமை டீகனுக்குப் பத்து வயசு. அவளுக்கு ஒரு நாய்க்குட்டி சொல்லி வச்சிருக்கேன்!"

வாட்டிய ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே கோரல் இதைச் சொன்னபோது, அடுப்பில் முட்டை பொரித்துக்கொண்டிருந்த மார்லீனின் கை அப்படியே நின்றுவிட்டது.

"என்ன நாய்?" என்றாள் மெதுவாக.

"வேற என்ன? நம்ம பிஸ்கட் மாதிரியே ரெட்ரீவர்தான். என்கூட வேலை பாக்கிற டான் வீட்டுல எட்டு குட்டி போட்டிருக்கு. ஒண்ணு நம்மளுது!"

மேஜையில் இருந்த இரண்டு சிறுமிகளும் கூவிவிட்டார்கள். டீகன் ஓடிப்போய் அம்மா கோரலின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். மார்லீனின் பதின்மூன்று வயது மகள் லியான் கரண்டியால் மேஜையைத் தட்டினாள். மார்லீனின் கணவன் ரஸ்ஸல்கூட, பூட்ஸ் கயிற்றைக் கட்டியபடியே தன் தங்கை கோரலைப் பார்த்துச் சிரித்தான். இந்த வீட்டில் காலைச் சாப்பாட்டு நேரத்தில் அவன் சிரித்து எத்தனை நாளாயிற்று!

அந்தச் சிரிப்பைக் கெடுக்கப் போவது தான்தான் என்று மார்லீனுக்குத் தெரிந்தது. தெரிந்தேதான் வாயைத் திறந்தாள்.

"கோரல்… அது வேணாம். நாய் வாங்கலாம், நான் வேணாம்னு சொல்லல. சின்னதா, முடி கொட்டாத ஜாதியா பாத்து வாங்கலாமே. நானே விசாரிச்சிட்டு இருக்கேன்…"

"ஆரம்பிச்சிட்டியா?" கோரல் கத்தியைத் தட்டில் போட்டாள். "முடி! முடி! சோபா மேல நாலு முடி விழுந்தா உனக்கு உயிரே போயிடும்! பெத்த பிள்ளை மாதிரி வளர்ந்த நாயை வீட்டை விட்டுத் துரத்தின. இப்ப இந்தக் குழந்தை ஆசைப்பட்டதையும் கெடுக்கப் பாக்கிற. உனக்கு நெஞ்சுல என்ன இருக்கு மார்லீன், கல்லா?"

"அம்மாவுக்கு நாய் வேணாம் அத்தை. பஞ்சு அடைச்ச பொம்மை நாய் போதும். பெருக்கவே வேணாம்" என்றாள் லியான்.

டீகனின் முகம் வாடிப்போனதை மார்லீனால் பார்க்க முடியவில்லை.

ரஸ்ஸல் எழுந்து தொப்பியை எடுத்தான். "ஒரு தடவ பண்ணினது போதாதா?" என்றான். குரலை உயர்த்தாமல்தான் சொன்னான். கதவு சாத்தியது. மர அறுப்பு ஆலைக்குப் போகும் அவன் வண்டியின் சத்தம் தெருமுனையில் தேய்ந்தது.

முட்டை ஓரமெல்லாம் கருகியிருந்தது. மார்லீன் அதைத் தன் தட்டில் போட்டுக்கொண்டு, பிள்ளைகளுக்கு வேறு உடைத்து ஊற்றினாள்.

பிஸ்கட்டைத் துரத்தினவள்! நான்கு வருடமாக இந்த வீட்டில் அவளுக்கு இதுதான் பெயர்.

அந்தப் பிஸ்கட்டை இந்த வீட்டுக்குக் கொண்டுவந்ததே அவள்தான். லியானுக்கு இரண்டு வயது அப்போது. ஒரு பண்ணையின் கொட்டகையில், ஈன்றதில் கடைசியாக, ஒருவரும் எடுக்காமல் நடுங்கிக்கொண்டிருந்த குட்டியைத் தன் கம்பளிச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு மழையில் வந்தாள். ஓட்ஸ் கஞ்சியை விரலில் தொட்டுத் தொட்டு ஊட்டினாள். அது வளர்ந்தது, எப்படி வளர்ந்தது! கோடையில் ரோப் கடற்கரைக்குப் போனால் ரஸ்ஸலின் தொப்பியைக் கவ்விக்கொண்டு அலைக்குள் ஓடும். அவன் திட்டிக்கொண்டே பின்னால் ஓடுவான். லியான் மணலில் விழுந்து சிரிப்பாள். சாயங்காலங்களில் மார்லீனும் ரஸ்ஸலும் பின்வாசல் படியில் தேநீரோடு உட்காருவார்கள். இருவர் பாதத்தின் மேலும் ஒரே சமயத்தில் படுத்துக்கொள்ள அந்த நாய்க்கு எப்படித்தான் தெரியுமோ! கால் மரத்துப்போகும். இருவரும் நகர மாட்டார்கள்.

அப்படிப்பட்ட ஒரு சாயங்காலத்தில்தான் கோரல் வந்தாள். கையில் ஒரு பெட்டி, கன்னத்தில் கன்றிப்போன காயம், பக்கத்தில் ஆறு வயது டீகன். குடித்துவிட்டு அடிக்கும் புருஷனை விட்டுவிட்டு வந்தவளிடம், "உள்ளே வா" என்பதைத் தவிர மார்லீன் வேறொன்றும் கேட்கவில்லை.

வடக்கே பாலைவனத்துச் சுரங்க முகாமில் கோரலுக்குச் சமையல் வேலை கிடைத்தது. ஆறு வாரத்துக்கு ஒருமுறைதான் வீடு. குழந்தை மார்லீனிடம் இருந்தாள். வந்து ஒரு மாதம் வரை டீகன் யாரோடும் பேசவில்லை. முதல் வார்த்தையைப் பிஸ்கட்டிடம்தான் பேசினாள். அதன் கழுத்தில் முகம் புதைத்துக்கொண்டு தூங்குவாள்.

ஜூலை அந்த ஊரில் குளிர்காலம்; அந்தக் குளிரில் டீகனுக்கு இழுப்பு வந்தது. முதலில் சளி என்று நினைத்தார்கள். பிறகு ஒருநாள் ரஸ்ஸல் வேலையில் இருந்தபோது, குழந்தையின் உதடு நீலம் பாரித்துவிட்டது. மார்லீன் அவளைத் தூக்கி வண்டியில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தாள். மருத்துவர் இரண்டு வாரம் கழித்துத் தோலில் சோதனை செய்து பார்த்துவிட்டுச் சொன்னார். நாய்தான். பெரிய நாய், மூட்டை மூட்டையாக முடி கொட்டும் நாய். இரண்டில் ஒன்று வேறு வீட்டில் இருக்க வேண்டும்.

திரும்பி வரும் வழியில் பின்சீட்டிலிருந்து டீகன் கேட்டாள். "அத்தை… என்னாலயா? எல்லாத்தையும் நான்தான் கெடுக்கிறேன்னு எங்கப்பா சொல்வாரு." "இல்லடா. எனக்குத்தான் முடி பெருக்கி முடியல" என்றாள் மார்லீன்.

அன்று சாயங்காலமே முகாமிலிருந்து கோரல் போனில் பேசினாள். "அவன் தினமும் போன் பண்றான் மார்லீன். திருந்திட்டேங்கிறான். எவ்வளவு நாள் உங்களுக்குப் பாரமா இருக்கிறது? டீகனால ஏதாச்சும் தொந்தரவுன்னா ஒரு வார்த்தை சொல்லு. கூட்டிட்டு அவன்கிட்டயே போயிடறேன்."

"ஒரு தொந்தரவும் இல்ல. லேசா சளி, அவ்வளவுதான்" என்றாள் மார்லீன்.

ரஸ்ஸலிடம், "இந்த முடியோட என்னால இனிமே மாரடிக்க முடியாது. நாயை யாருக்காவது குடுத்திடு" என்றாள். அவனிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் தங்கையிடம் எதையும் மறைக்கத் தெரியாத மனிதன் அவன். அவள் கேட்டால் அடுத்த நிமிடம் கொட்டிவிடுவான்.

பெனோலாவில் பண்ணை வைத்திருந்த அவன் நண்பன் வந்து கூட்டிப்போனான். கடற்கரைக்குத்தான் போகிறோம் என்று நினைத்துப் பிஸ்கட் தானாகவே வண்டியில் தாவி ஏறியது. மார்லீன் துணி துவைக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அதற்குப் பிறகு ரஸ்ஸல் அந்தப் படியில் உட்காரவே இல்லை. போன வருடம் பிஸ்கட் செத்துப்போனதாகச் செய்தி வந்தபோதும், மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தனியாகத்தான் போனான். 'நீ வர்றியா' என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கோரல் இப்போது உள்ளூரிலேயே வேலை பார்க்கிறாள். டீகனுக்கு இழுப்பு போயே போய்விட்டது. சிநேகிதி வீட்டு நாயோடு விளையாடிவிட்டு எப்போதாவது கண் சிவந்து வருவாள். மகரந்தத் தூசி என்பாள் கோரல். ஆனால் ஒரு ரெட்ரீவர் இந்த வீட்டுக்குள் வந்து அவள் கட்டிலில் படுத்தால்…?

மார்லீன் சும்மா இருக்கவில்லை. நாய் வேண்டும் என்று பிள்ளைகள் பேசத் தொடங்கிய நாளிலிருந்தே நூலகத்துப் புத்தகங்களைப் புரட்டிக்கொண்டிருந்தாள். மால்டீஸ்? முடி கொட்டாதுதான். ஆனால் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி. லியான் தூக்கிக்கொண்டு ஓடிக் கீழே போட்டால் கால் முறிந்துவிடும். பூடில்? சுருள் முடியோடு அலங்காரப் பொம்மை மாதிரி இருக்கும், ரஸ்ஸல் அதைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவில் நடக்கவே மாட்டான். கடைசியில் குட்டை ஷ்னவுசர் என்ற ஜாதியில் வந்து நின்றாள். முழங்கால் உயரம், கட்டுமஸ்தான உடம்பு, பிள்ளைகளோடு புரண்டு விளையாடும், முரட்டுத் தாடி. நராகூர்ட்டில் வெர்னா ஹாஸே என்ற அம்மாள் அவற்றை வளர்க்கிறாள் என்று கேள்விப்பட்டு, முந்தின நாள்தான் போனில் பேசியிருந்தாள். வீட்டில் யாருக்கும் தெரியாது.

அன்று கோரலுக்கு விடுமுறை. பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு மார்லீன் கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். உள்ளே போன் அடித்தது, கோரல் எடுத்திருப்பாள். கடைசிப் போர்வையையும் கொடியில் போட்டுவிட்டு, காலிக் கூடையோடு உள்ளே வந்தவள் வாசற்படியிலேயே நின்றாள்.

கோரல் போனைக் காதில் வைத்தபடி சுவரில் சாய்ந்திருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"…ஆமாங்க… டீகன் என் பொண்ணுதான்… சொல்றேங்க." போனை வைத்தாள்.

"யாரு?" என்றாள் மார்லீன். கேட்கும்போதே தெரிந்துவிட்டது.

"வெர்னான்னு ஒரு அம்மா." கோரலின் குரல் எங்கிருந்தோ வந்தது. "சனிக்கிழமை குழந்தையைக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க. ஒரு மணி நேரம் நாய்கூட உட்கார வச்சுப் பாக்கணுமாம். முடி கொட்டாத நாய்தான், ஆனா எச்சில்லயும் தோல்லயும்கூட அலர்ஜி குடுக்கிறது இருக்குமாம். அதனால முழுசா நம்பக்கூடாதாம். 'நாலு வருஷத்துக்கு முன்னாடி ரெட்ரீவர்னால மூச்சு நின்னுபோகப் பாத்த பொண்ணாச்சே, அவசரப்பட வேணாம்'னு உன்கிட்ட சொல்லச் சொன்னாங்க…"

மார்லீன் கூடையைக் கீழே வைத்தாள்.

"மூச்சு நின்னுபோகப் பாத்துச்சா? என் குழந்தைக்கா? லேசா சளின்னு சொன்னியே!"

"கோரல்… உட்காரு. சொல்றேன்."

"உட்கார மாட்டேன்! ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ அவன்கிட்டயே திரும்பிப் போயிருப்ப."

கோரலின் முகம் மெல்லக் கோணியது.

"போயிருப்பேன்…" என்றாள். "அந்த வாரமே போயிருப்பேன். பெட்டியைக்கூடக் கட்டி வச்சிருந்தேன் மார்லீன்!"

"தெரியும். உன் குரல்லயே தெரிஞ்சுது. அந்தப் பிள்ளை வேற, என்னாலயா என்னாலயான்னு கேட்டுச்சு. அதுக்கு நான் என்ன பதில் சொல்றது? முடி பெருக்க முடியாத சோம்பேறின்னு என்னைச் சொல்லட்டுமேன்னு விட்டுட்டேன்."

"என்னை முட்டாளாக்கிட்டியே!" கோரல் இரு கையாலும் மேஜையில் அறைந்தாள். "நாலு வருஷம்… என் வாய்க்கு வந்ததையெல்லாம் பேச விட்டியே! இன்னிக்குக் காலையில கல்லுன்னு சொன்னேன்! ஒரு தடவ, ஒரே ஒரு தடவ என்னை அறைஞ்சு உண்மையைச் சொல்லியிருக்கக் கூடாதா? பிஸ்கட்டை எடுத்து வளர்த்தவளே நீதானே… உனக்கு எப்படி இருந்திருக்கும்… நான் அதை ஒருநாளாவது நினைச்சுப் பாத்தேனா!"

மார்லீன் அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். ஈரத் துணியின் வாசனை போகாத அந்தக் கைகளுக்குள் கோரல் குழந்தை மாதிரி கதறினாள். "மன்னிச்சிடு… மன்னிச்சிடு…" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். மார்லீன் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். தன் கண்ணிலும் நீர் வரும் என்று எதிர்பார்த்தாள். ஏனோ வரவில்லை.

டீகன் பள்ளியிலிருந்து வந்ததும் அவளை நடுவில் உட்கார வைத்துக்கொண்டு கோரலே எல்லாவற்றையும் சொன்னாள். சிறுமி தன் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப பிஸ்கட் என்னாலதான் போச்சு, இல்லையா அத்தை?"

"பிஸ்கட்டோட முடியால போச்சு. அதுக்கு அது என்ன பண்ணும், நீ என்ன பண்ணுவ?" என்றாள் மார்லீன். "நாங்க உன்னை வச்சுக்கிட்டோம். இன்னொரு தடவ கேட்டாலும் உன்னைத்தான் வச்சுப்போம்."

டீகன் நகர்ந்து வந்து அத்தையின் தோளில் சாய்ந்தாள்.

லியானுக்கும் விஷயம் தெரிந்தது. அன்றைக்குத் துணி மடிக்கும் வேலையைத் தானே எடுத்துக்கொண்டாள்.

ரஸ்ஸல் வேறு மாதிரி. ஆலையிலிருந்து வந்தவனைக் கோரல் வாசலிலேயே நிறுத்திச் சொன்னாள். அவன் கேட்டு முடித்தான். தொப்பியைக் கழற்றினான், மறுபடி போட்டுக்கொண்டான், கொட்டகைக்குப் போய்விட்டான். மறுநாள் "உப்பு எடு" என்றான். அதற்கு மறுநாள் "மழை வரும்போல" என்றான். அவ்வளவுதான். இவ்வளவு காலம் பொறுத்தவள் இன்னும் கொஞ்சம் பொறுக்க மாட்டாளா?

சனிக்கிழமை எல்லோரும் நராகூர்ட்டுக்குப் போனார்கள். தாடி வைத்த குட்டியைப் பார்த்ததும் லியான், "ஐயோ, இது நம்ம ஸ்கூல் ஹெட்மாஸ்டர் மாதிரியே இருக்கு!" என்று சிரித்து உருண்டாள். டீகன் ஒரு மணி நேரம் அதை மடியில் வைத்திருந்தாள். வெர்னா அவள் மூச்சைக் காது கொடுத்துக் கேட்டாள்.

"இன்னிக்குத் தர மாட்டேன். இன்னும் ரெண்டு தடவ வாங்க" என்றாள் அந்த அம்மாள் கண்டிப்பாக. "தினமும் வாரணும். ஆறு வாரத்துக்கு ஒரு தடவ முடி வெட்டணும். படுக்கை அறைக்குள்ள விடக்கூடாது. டாக்டர்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க. சம்மதமா?"

"நான் வாருறேன்" என்றாள் லியான், அம்மாவைப் பார்க்காமல்.

மூன்றாவது சனிக்கிழமை குட்டியைக் கையில் கொடுத்தாள் வெர்னா. டீகனுக்கு ஒரு தும்மல்கூட இல்லை. திரும்பும்போது பின்சீட்டில் பெயர் வைப்பதில் ஒரே சண்டை. கோரல் நடுவராக இருந்தாள்.

பெனோலாவைத் தாண்டியதும் ரஸ்ஸல் வண்டியை ஒரு மண் பாதையில் திருப்பினான். நண்பனின் பண்ணை வேலிக் கதவருகே நிறுத்தினான். "நீங்க இருங்க" என்றான் மற்றவர்களிடம். மார்லீன் பக்கத்துக் கதவை வந்து திறந்தான்.

பெரிய யூகலிப்டஸ் மரம் ஒன்று. அதன் அடியில் சுண்ணாம்புக் கற்கள் வட்டமாக அடுக்கப்பட்டிருந்தன. புல் முளைத்திருந்தது. அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"புதைக்கிற அன்னிக்கு உன்னைக் கூட்டிட்டு வந்திருக்கணும்" என்றான் ரஸ்ஸல். தொப்பியைக் கையில் பிசைந்துகொண்டிருந்தான். "நீ வேணாம்னு துரத்தினவ, நீ எதுக்கு அழணும்னு நினைச்சேன். உனக்கு உரிமை இல்லேன்னு நினைச்சேன்… மூணு வாரமா சொல்லணும் சொல்லணும்னு பாக்கிறேன். வாய் வரல மார்லீன்."

அவள் முழங்காலிட்டுப் புல்லின் மேல் உள்ளங்கையை வைத்தாள். வெயிலில் மண் சூடாக இருந்தது. அப்போதுதான் உடைந்தாள். துணி துவைக்கும் அறைக்குள் வாயைப் பொத்திக்கொண்டு அழுத அழுகை இல்லை இது. வேலிக்கு அப்பால் மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் தலை தூக்கிப் பார்க்கும்படி, வாய்விட்டு, பெயர் சொல்லி அழுதாள்.

ரஸ்ஸல் பக்கத்தில் உட்கார்ந்து அவள் தோளில் கை வைத்தான். அவள் அழுது தீரும் வரை கையை எடுக்கவில்லை.