ஆத்தாவும் அக்காவின் பருவும்

தமிழரும் கன்னடரும் கலந்து வாழும் மர்பி டவுனில் அன்று காலை ஜானகியின் வீட்டு வாசலில் வேப்பிலை தொங்கியது. அம்மா சின்னத்தாயிதான் செருகினாள். மூத்த மகள் யசோதாவின் முகம் சிவப்புச் சிவப்பாக வீங்கியிருந்ததைப் பார்த்ததுமே, "ஆத்தா முத்து போட்டிருக்கா" என்று கைகூப்பிவிட்டாள்.

யசோதாவுக்கு அழுகை முட்டியது. மறுநாள் எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை. அம்மை கண்டவளைத் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை வாசல் தாண்ட விடமாட்டார்கள். பரீட்சை போனால் ஒரு வருஷமே போச்சு.

"இது வெறும் பரும்மா" என்றாள்.

"ஆத்தாவைப் போய்ப் பருன்னு சொல்லுவியா? கன்னத்துல போட்டுக்கடி" என்றாள் அம்மா.

தங்கை ஜானகிக்குப் பத்து வயது. போன வருஷம்தான் அவளுக்குச் சின்னம்மை வந்து போயிருந்தது. அதனால் இந்த விஷயத்தில் தானும் ஒரு பெரிய மனுஷி என்று நினைப்பு. அப்போது முதலில் காய்ச்சல் அடித்தது. பிறகு வயிறு, முதுகெல்லாம் கொப்புளம். அக்காவுக்கோ முகத்தைத் தவிர வேறெங்கும் ஒன்றுமில்லை. ஆனால் பரு என்று பேச்செடுத்தால் இவளையும் கன்னத்தில் போட்டுக்கொள்ளச் சொல்வாள் அம்மா. ஜானகி யோசித்தாள்.

"அம்மா, எனக்கு ஆத்தா வந்தப்போ உடம்பு அனலாக் கொதிச்சுதே. அக்காவுக்கு ஏன் ஜில்லுன்னு இருக்கு? நோரா அக்காவைக் கேக்கட்டுமா?"

அம்மா யசோதாவைத் தொட்டுப் பார்த்தாள். குழம்பிப் போய்த் தலையாட்டினாள்.

ஜானகி ஓடிப்போய் அடுத்த தெரு நர்ஸ் நோராவை அழைத்துவந்தாள். நோரா யசோதாவின் முகத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, "நேத்து இதையெல்லாம் கிள்ளினியா?" என்று கேட்டார். படிக்கும்போது கை சும்மா இருக்கவில்லை என்று யசோதா ஒப்புக்கொண்டாள்.

பருதான் என்று சொல்லி நோரா சிரித்தார். தோலுக்கடியில் எண்ணெய் சுரக்கும் குட்டிப் பைகள் உண்டாம். இந்த வயதில் அவை கூடுதலாகச் சுரக்குமாம். உதிரும் தோல் அவற்றின் வாயை அடைத்தால் எண்ணெய் உள்ளேயே தங்கி, கிருமி பெருகி, வீங்கிச் சிவக்குமாம். கிள்ளினால் இன்னும் மோசமாகித் தழும்பும் விழுமாம். தலையெண்ணெய் நெற்றியில் வழியாமல் பார்த்துக்கொண்டு, முகத்தை மெதுவாகக் கழுவச் சொன்னார்.

அம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வேப்பிலையை எடுக்கும்போது மட்டும், கோபித்துக்கொள்ளாதே தாயே என்று முணுமுணுத்தாள்.

மறுநாள் யசோதா பரீட்சைக்குக் கிளம்பினாள். வேப்பிலையைப் பார்த்திருந்த தெருக்காரர்கள் பயந்து ஒதுங்கினார்கள். அதுவரை பருவை மறைக்க முகமெல்லாம் பவுடர் அப்பிக்கொண்டு போனவள், அன்று தமிழ் வீட்டுக்காரர்களிடம் "பருங்க" என்றும், கன்னட வீட்டுக்காரர்களிடம் "மொடவெ" என்றும் முகத்தைத் தூக்கிக் காட்டிக்கொண்டே, தங்கையின் கையைப் பிடித்து நடந்தாள்.