முதுகளவு பொக்கு

செவ்வாய்க்கிழமை சாக்கட்டியால் வட்டம் போட்டுவைத்த இடத்தைப் புதன்கிழமை மதியம் தட்டிப் பார்த்தபோது, அது கெட்டியாக இருந்தது.

சுத்தியலைத் திருப்பிப் பிடித்து, மரப்பிடியால் இன்னொரு தடவை மெதுவாகத் தட்டினான். டக், டக். நேற்று இதே இடம் காலிப் பானை மாதிரி 'தொம்' என்றது அவன் காதிலேயே இருந்தது. காலை ஆறு மணியிலிருந்து கிடங்கில் மூட்டை தூக்கிவிட்டு வந்த உடம்பு. அசதியில் தப்பாகக் கேட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டான். எந்தப் பழியை வேண்டுமானாலும் அசதியின் தலையில் கட்டலாம், அது திருப்பிப் பேசாது.

வீடு பழையது. வாங்கும்வரைதான் தெம்பு இருந்தது, ஆள் வைத்துச் செப்பனிட இல்லை. நாமே செய்துகொள்வோம் என்று இறங்கியவன் யோசனை கேட்காத ஆள் கிடையாது. சாமான் கடைக்காரர் ஒன்று சொன்னார், நூலகத்துப் புத்தகம் வேறொன்று சொன்னது. அதை விரல் வைத்து வாசிப்பதற்குள் கலந்த சுண்ணாம்பே காய்ந்துவிடும். கடைசியில் கைகொடுத்தது செல்போன். பழைய வீட்டைத் தாங்களே சரிசெய்கிறவர்கள் கூடிப் பேசுகிற குழு ஒன்று அதில் இருந்தது. எல்லாக் கேள்விக்கும் பதில் வைத்திருந்த ஒருவரை அங்கே பூச்சு மாமா என்பார்கள். அவர் எழுதமாட்டார், குரல் பதிவு செய்துதான் அனுப்புவார்.

"தேங்காய் வாங்கும்போது தட்டிப் பார்க்குறீங்கல்ல, சுவரும் அப்படித்தாங்க. பொக்கா சத்தம் வந்தா, பூச்சு கல்லை விட்டு விலகிடுச்சுன்னு அர்த்தம். கோடு போடுங்க, கொத்துங்க, நிரப்புங்க. ஒண்ணைக்கூட மிச்சம் வைக்காதீங்க."

வீடு தயாராகட்டும் என்று மனைவி ஏழு மாதமாகத் தன் அண்ணன் வீட்டில் இருந்தாள். அண்ணி கதவு சாத்துகிற சத்தத்தை வைத்தே அன்றைய பொழுது எப்படிப் போகும் என்று சொல்லிவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை காலை பெட்டியோடு வரப்போவதாகவும், சுவர் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி என்றும் போனில் சொல்லிவிட்டாள். குரலில் கோபம்கூட இல்லை. கோபப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே. அதனால் ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரே ஓர் அறையாவது மனிதர் இருக்கிற மாதிரி ஆகவேண்டும்.

பக்கத்தில் தட்டிக்கொண்டே போனான். மூன்று முழம் தள்ளி, தொம். ஓரத்தைத் தேடித் தேடிக் கோடு போட்டான். நேற்றைய வட்டத்தின் அதே அளவு, அதே உயரம். தரையில் உட்கார்ந்து ஓர் ஆள் சாய்ந்தால் முதுகு எங்கே படுமோ, அங்கே. கை தூக்க முடியவில்லை, நாளைக்குக் கொத்தலாம் என்று விட்டான்.

வியாழக்கிழமை அந்தக் கோட்டுக்குள்ளும் டக் என்றது. பொக்கு மூலையைத் தாண்டி அடுத்த சுவருக்குப் போயிருந்தது.

குழுவில் கேட்டான். உங்கள் சுவரில் எலி குடித்தனம் மாற்றுகிறது, பால் காய்ச்சக் கூப்பிடுமா என்றார் ஒருவர். பூச்சு மாமா மட்டும் சிரிக்கவில்லை. கோடு போட்டுவிட்டு மறுநாளுக்குத் தள்ளுவதுதான் தப்பு, கண்ட கையோடு கொத்துங்கள் என்றார்.

வெள்ளிக்கிழமை அப்படியே செய்தான். தொம் என்ற இடத்தில் உளியை வைத்து ஒரே அடி. பூச்சு பெயர்ந்து விழுந்தது. ஈரச் சுண்ணாம்பு நாற்றமும், அதற்கடியில் ரொம்ப நாள் துவைக்காத தலையணையின் நாற்றமும் வந்தன. பழஞ்சுவருக்குள் குளிர்ச்சிதான் இருக்கும் என்று உள்ளங்கையை வைத்தான். சூடாக இருந்தது. யாரோ அப்போதுதான் எழுந்துபோன படுக்கை மாதிரி. ஒரு சாண் தள்ளித் தட்டினான்.

தொம்.

ஓடிவிடலாம் என்று கால் சொன்னது. ஓடி எங்கே போவது? மைத்துனர் வீட்டுக்கா? அங்கே அவளுக்கே இடம் போதவில்லை. சாந்தை அள்ளிக் குழியை அடைத்தான். அடைத்த இடத்துக்கு அது திரும்பி வரவில்லை. அது ஒன்றுதான் பிடி. சனிக்கிழமை கிடங்குக்கு லீவு சொல்லிவிட்டு, பழைய பூச்சை மொத்தமாகக் கொத்தி, புதிதாகப் பூசிக்கொண்டே துரத்தினான். முதல் சுவர் முடிந்தது, இரண்டாவதுக்குப் போனது. இரண்டாவது முடிந்தது, மூன்றாவதுக்கு. இருட்டும்போது ஜன்னல் பக்கத்துச் சுவர் ஒன்றுதான் மிச்சம். தோள்பட்டை கழன்றுவிடும்போல் இருந்தது. முன்னறைக்குப் போய்ச் சாக்குமேல் விழுந்தவனுக்குக் கனவுகூட வரவில்லை.

காலையில் கொல்லையில் சாந்து குழைத்துக்கொண்டிருந்தபோது வாசல் கதவு திறந்தது. பெட்டி வைக்கிற சத்தம். சட்டியோடு உள்ளே ஓடினான்.

ஜன்னல் பக்கத்துச் சுவரில் முதுகைச் சாய்த்து, கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"அப்பாடா," என்றாள். "ஏழு மாசம் கழிச்சு முதுகு சாய்க்க ஒரு இடம்."

"எந்திரி."

"வந்து ரெண்டு நிமிஷம் ஆகல. அதுக்குள்ள நீங்களும் எங்க அண்ணி மாதிரி ஆரம்பிச்சிட்டீங்களா?"

"எந்திரின்னு சொல்றேன்ல."

முணுமுணுத்துக்கொண்டே எழுந்தாள். அறைக்கு நடுவில் போய், அவனுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். அவன் சுவரைத் தட்டினான். டக். மேலே. டக். கீழே. மூலை. ஜன்னல் ஓரம். டக், டக், டக். நான்கு சுவரையும் சுற்றி வந்தான். தரையைத் தட்டினான்.

எல்லாம் கெட்டி.

எங்கேயும் இல்லை. போய்விட்டது. அவனுக்கு அழுகையே வந்தது. சுத்தியலைக் கீழே போட்டுவிட்டு அவள் பின்னால் போய் உட்கார்ந்தான். முதுகெல்லாம் சுண்ணாம்புத் தூசி ஒட்டியிருந்தது. புதுப் புடவை.

"தூசி," என்று சொல்லித் தட்டிவிட்டான்.

தொம்.

கை நின்றது.

தோளில் விரல் முட்டியால் மெதுவாகத் தட்டினான். எலும்பு. கெட்டி. இடுப்பில் தட்டினான். கெட்டி. நடுவில்.

தொம்.

கையை அங்கேயே வைத்தான். சூடு. மூச்சு விட்டால் முதுகு ஏறி இறங்கவேண்டும். இறங்கவில்லை.

"ஏங்க நிறுத்திட்டீங்க?" என்றாள். சாமான் எதுவும் இல்லாத வீட்டுக்குள்ளிருந்து வருகிற குரல். "நல்லாயிருக்கு. தட்டுங்க."

அவனுக்கு வசதியாக இருக்கட்டும் என்று, கொஞ்சம் முன்னால் குனிந்து கொடுத்தாள்.