பட்டாளத்து அப்பய்யாவின் செம்பு

சௌடப்பன் பையிலிருந்து பித்தளைச் செம்பை எடுத்து மேசைமேல் வைத்ததும் பாண்டிராஜுக்கு உற்சாகம் தாங்கவில்லை. மாப்பிள்ளை குடிப்பாரா, சீட்டாடுவாரா என்று விசாரித்து விசாரித்து அவனுக்குச் சலித்துப் போயிருந்தது. அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் தங்கமாரி நடத்தும் கல்யாண விசாரணை ஆபீஸுக்கு இப்படி ஒரு தடயம் தானாக வந்து சேர்ந்ததே இல்லை. தங்கமாரி போலீஸ் வேலையை விட்டு வந்த பெண். பாண்டிராஜ் ஷேர் ஆட்டோவை விற்றுவிட்டு அவரிடம் சேர்ந்தவன். நாற்பது வயதுக்கு மேல் துப்பறியும் ஆசை வந்தால் அது லேசில் விடாது.

"கழுத்துல வெட்டியிருக்குறதப் படிங்க" என்றார் சௌடப்பன்.

பாண்டிராஜ் ஒரே மூச்சில் படித்தான். "பட்டாளத்து அப்பய்யா மகன் அண்ணாமலை, 1921."

"அண்ணாமலை எங்க பாட்டனாரு. சின்னப் புள்ளையா பந்தல்குடிப் பக்கமிருந்து தனியா வந்தாராம். கன்னடம் பேசுற ஒரு தறிக்கார வீட்டுல எடுத்து வளத்து, அவுக குலத்தையே எங்களுக்கும் போட்டாக. பெத்த தகப்பன் யாருன்னு தெரியாது."

"பட்டாளத்து அப்பய்யா யாரு?" என்று கேட்டார் தங்கமாரி.

"மொத உலகச் சண்டையில பஸ்ராவுக்குப் போனவுக. உசுரோட திரும்பி வந்து இங்கன சாயத் தொழில் ஆரம்பிச்சாக. அவுக வம்சத்துலதான் என் மக தேவிபிரியாவுக்கு மாப்பிள்ளை பேசியிருக்கு. சக்திகுமாருன்னு பேரு. ஆவணியில கல்யாணம். வீட்டுக்கு வெள்ளையடிக்கப் பரணைச் சுத்தம் பண்ணுனா, இது கெடைக்கிது. இதுல இருக்குறது நெசம்னா ரெண்டு வீடும் பங்காளிம்மா. பொண்ணும் மாப்பிள்ளையும் அண்ணன் தங்கச்சி! பத்திரிகை அடிக்கப் போனவன அன்னைக்கே திருப்பிக் கூப்புட்டுட்டேன்."

தங்கமாரி செம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பரணுல ஏறுனது யாரு?"

"தேவிதான். என் மச்சான் விஸ்வநாதனும் அன்னைக்கு வீட்டுல இருந்தாரு. அவரு மகனுக்குத் தேவியக் கேட்டாரு, நான் குடுக்கல. அந்தக் கோவம் இன்னும் இருக்குமோன்னு எனக்கு ஒரு சந்தேகம்."

"பாட்டனார் பேரு அண்ணாமலைன்னு எல்லாருக்கும் தெரியுமா?"

"இல்லம்மா! மல்லய்யான்னுதான் சொல்லுவோம். போன மாசம் அவரு போட்டோவப் பெருசு பண்ணக் கொண்டு போனப்ப, அட்டைக்குப் பின்னால இங்கிலீஷ்ல முழுப் பேரு இருந்துச்சுன்னு தேவி வந்து சொன்னா. அப்பதான் எனக்கும் அவ அம்மாவுக்குமே தெரியும்."

அவர் படியிறங்கியதும் பாண்டிராஜ் தொடையைத் தட்டினான். "மச்சான்தான்க்கா. சந்தேகமே இல்ல."

"வண்டிய எடு" என்றார் தங்கமாரி.

முதலில் பந்தல்குடி சாலைக்குப் போனார்கள். அப்பய்யா தன் சாயத் தொழிலில் கையூன்றியதும் மாடுகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டி கட்டி வைத்திருந்தார். லாரிகள் கிளப்பிய புழுதி அதில் அரை அடிக்குப் படிந்திருந்தது. பாண்டிராஜ் துண்டால் துடைத்துவிட்டுத் தடவித் தடவிப் படித்தான்.

"பட்டாளத்து அப்பய்யா சாயச்சா... இது என்னக்கா எழுத்து? யானை தும்பிக்கையத் தூக்குன மாதிரி நிக்கிது. அப்பறம் உபயம், 1921."

"சாயச்சாலை" என்று படித்துக் காட்டிவிட்டுத் தங்கமாரி வண்டியை நோக்கி நடந்தார். வெயில் மண்டையைப் பிளந்தது. இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தோம் என்று பாண்டிராஜுக்கு எரிச்சலாக இருந்தது.

மல்லாங்கிணற்றில் விஸ்வநாதனின் பலசரக்குக் கடை. அறுபத்து மூன்று வயது, கறாரான மனிதர். கடை வாசலில் அவரே சாக்பீஸால் எழுதிய விலைப்பலகை தொங்கியது. விஷயத்தைச் சொன்னதும் சீறினார்.

"நான் எதுக்குய்யா நிறுத்தணும்? என் மகன் சதீஸ்குமாருக்கு வைகாசியிலயே கல்யாணம் முடிஞ்சு போச்சு. மொய் எழுதுனதே சௌடப்பந்தான்!"

பாண்டிராஜுக்கு முகம் விழுந்துவிட்டது. வண்டியைக் கிளப்பும்போது பலகையைப் பார்த்துச் சிரித்தான். "இந்தாளும் யானை வளக்குறாருக்கா. 'இன்றைய விலை'யில பாருங்க, அதே தும்பிக்கை."

"இன்னைக்கு நீ பாத்ததுலயே உருப்படியானது அதுதான்" என்றார் தங்கமாரி. அவர் பாராட்டுகிறாரா கேலி செய்கிறாரா என்று பாண்டிராஜுக்கு விளங்கவில்லை.

மறுநாள் சௌடப்பன் வீட்டுக் கூடத்தில் எல்லோரும் கூடினார்கள். விஸ்வநாதன் சுவரோரம் முறைப்பாக உட்கார்ந்திருந்தார். சக்திகுமார் தன் தகப்பனாரோடு வந்திருந்தான். தேவிபிரியா அடுப்படி நிலையில் சாய்ந்து நின்றாள். பக்கத்து வீட்டு விசைத்தறி ஓசையில் பேச்சு கேட்காததால் தங்கமாரி கொஞ்சம் உரக்கவே பேசினார்.

"செம்பு பழசுதான். பேரு பழசில்ல."

"எப்பிடிச் சொல்றீக?" என்றார் சக்திகுமாரின் தகப்பனார்.

"பாண்டி, செம்பப் படி."

பாண்டிராஜ் மறுபடியும் தடங்கலில்லாமல் படித்தான்.

"இவன் நேத்து அதே வருசத்துல வெட்டுன கல்லப் படிக்க முடியாமத் திணறுனான். செம்ப மட்டும் தண்ணி மாதிரி படிக்கிறான். ஏன்? அந்தக் காலத்துல 'லை' எழுத, 'ல'வுக்கு முன்னால இப்பப் போடுற இணைக்கொம்பு கெடையாது. எழுத்துக்கு மேலயே தும்பிக்கை மாதிரி ஒரு சுழி. 'ணா'வுக்கும் துணைக்கால் கெடையாது, வேற ஒரு வளைவு. அதெல்லாம் எழுபத்தெட்டுலதான் மாறுச்சு. அண்ணாமலைங்குற ஒரு பேருல அந்த ரெண்டு எழுத்தும் இருக்கு. செம்புல ரெண்டும் புதுசு. 1921-ல அப்பிடி வெட்ட ஆளே கெடையாது."

சௌடப்பன் செம்பை வாங்கிக் கண்ணருகே கொண்டு போனார். "அட ஆமா! நானும் பள்ளிக்கொடத்துல தும்பிக்கைதானே போட்டேன்!"

"நாமெல்லாம் அப்பிடித்தான் படிச்சோம். நாப்பது வருசத்துக்கு மேல புதுசையே பாத்துப் பாத்து, நமக்குத் தட்டுப்படல. ஆக, அண்ணாமலை பட்டாளத்து அப்பய்யா மகன்னு சொல்றதுக்கு இந்தச் செம்பத் தவிர ஒண்ணுமில்ல. செம்பும் பொய். நீங்க பங்காளி இல்ல."

கூடமே மூச்சு விட்டது. சௌடப்பன் சம்பந்தியின் கையைப் பிடித்துக்கொண்டார். ஆனால் விஸ்வநாதன் விடவில்லை. "அப்ப இதச் செஞ்சது யாரு? என்னைய கள்ளனாக்கப் பாத்தாகல்ல?"

"நீங்க இல்ல. நீங்க இன்னைக்கும் கடைப்பலகையில தும்பிக்கைதான் போடுறீக. நீங்க எழுதிக் குடுத்திருந்தா செம்புலயும் அதுதான் வந்திருக்கும். பேரு வெட்டுற ஆளு, சீட்டுல இருக்குறத அப்பிடியே பாத்து வெட்டுவாரு. எழுதிக் குடுத்தவுகளுக்குப் பழைய எழுத்தே தெரியாது. அப்பிடின்னா சின்ன வயசு. மல்லய்யாவோட முழுப் பேரு தெரியும். பரணுக்கும் ஏறியிருக்காக."

தங்கமாரி அதோடு நிறுத்திக்கொண்டார். பாண்டிராஜ் வாயைத் திறக்கப் போனான். அவர் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

"நான்தான்" என்றாள் தேவிபிரியா.

சௌடப்பன் எழுந்தார். "ஏன்டி? ஊரையே கூட்டிச் சிரிக்க வச்சிட்டியே!"

"பூ வைக்கிறதுக்கு முன்னாடி வேணாம்னு சொன்னேன். வச்ச பெறகும் சொன்னேன். 'பெரியவுக பேசுறப்ப சும்மா இரு'ன்னீக. அம்மா அழுதாக. நான் சொன்னப்ப யாருக்கும் காது கேக்கல. செம்பு சொன்ன அன்னைக்கே நிறுத்திட்டீகளேப்பா."

சக்திகுமாருக்கு முகம் சிவந்துவிட்டது. "என்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றான்.

"உங்க நம்பரக் கேட்டேன். கல்யாணத்துக்கு அப்பறம் பேசிக்கலாம்னு யாரும் தரல."

கண்டுபிடித்ததற்காகப் பாண்டிராஜ் வருத்தப்பட்டது அதுதான் முதல் தடவை. சௌடப்பன் தங்கமாரியின் பக்கம் திரும்பினார். "இப்ப நான் என்னம்மா செய்யட்டும்?"

"நீங்க என்கிட்ட கேட்டது பங்காளியா இல்லையான்னு. அதச் சொல்லிட்டேன். மிச்சத்த அவகிட்டக் கேளுங்க."

சௌடப்பன் நிலையருகே போய், வீட்டு பாஷையில் மகளிடம் மெதுவாக ஏதோ கேட்டார். பாண்டிராஜுக்குக் கன்னடம் தெரியாது. அது ஒரே ஒரு சொல் என்பது மட்டும் தெரிந்தது. தேவிபிரியா அவர் முகத்தை நேராகப் பார்த்து, ஒரே சொல்லில் பதில் சொன்னாள்.

சௌடப்பன் போனை எடுத்துக் கல்யாண மண்டபத்துக்காரரைக் கூப்பிட்டு, ஆவணித் தேதி வேண்டாம் என்றார்.